பிரேக்கில் குறை இல்லை

பிரேக்கைப் பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஏட்டையா கையில் இருப்பதை எழுதி முடிக்கட்டும், நான் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் நின்று, ஊரார் முன்னிலையில் நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "யுத்தத்துக்கு முந்தின வண்டி. பிரேக் பிடிக்கல. இஞ்சின் போடுற சத்தத்துல இவுக காதுல ஒண்ணும் விழுந்திருக்காது. சைடு கண்ணாடியும் மங்கிப்போயிருக்கும். தேனப்பச் செட்டியார் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்லங்க" என்றீர்கள். என் மைத்துனன் சேவுகன் இறந்த செய்தி அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. துக்கத்தில் இருக்கிறவனிடம் தோண்டித் துருவ வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் சொந்த ஊரான ஆவூர்க்காரர்கள் இரக்கசாலிகள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

ஆனால் என் மேல் இரக்கப்பட்டு, ஒரே மூச்சில் அந்தக் காரின் மானத்தை வாங்கிவிட்டீர்கள். சரி, துக்க வீட்டில் ஏதோ சொன்னார்கள் என்று விட்டிருப்பேன். நேற்று உங்கள் ஏட்டையா வந்து, "இந்த மாதிரி வண்டியெல்லாம் ரோட்டுல விடக் கூடாதாம், ஒடச்சு இரும்புக்குப் போடச் சொல்லி உத்தரவு வரும் போலருக்கு" என்றார். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மைத்துனனை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளட்டும்.

அந்தக் காரில் ஒரு குறையும் இல்லை, ஐயா. இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் குறித்துக்கொண்டால் போய்விடுவேன். ஏன் குறையில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டியிருக்கும்.

எங்கள் அப்பச்சி ரங்கூனை விட்டுக் கரைசேர்ந்த வருஷம் மதராஸில் வாங்கிய கார் அது. நல்ல கறுப்பு. அப்பச்சி அதைக் கார் என்று சொன்னதே இல்லை, பிளஷர் என்பார். திருமயத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது இருந்த ஒரே பிளஷர் அதுதான், இப்போதும் அதுதான். அப்பச்சி காலமானதும் அண்ணன் தம்பிகளுக்குள் வீட்டைப் பிரித்தோம். எனக்கு முகப்பில் பாதியும் இரண்டாம் கட்டில் ஓர் அறையும் வந்தன. காரை மட்டும் அப்படி அறுத்துப் பிரிக்க முடியாதல்லவா. அதனால் அது முழுசாக எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் முழுசாக எனக்கென்று வந்தது அது ஒன்றுதான்.

கல்யாணமும் ஆயிற்று என்பீர்கள். ஆயிற்று. என் மனைவி சொக்கு நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். காரைத் துடைக்க ஒரு ஆள் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், "குடித்தனம் நடத்த ஆள் போட்டுக்கிறது உண்டாங்க?" என்று கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். சொக்கு மட்டும் சிரித்ததில்லை. அவளுக்கு வேடிக்கைப் பேச்சு பிடிபடாது.

துடைப்பது என்றால் நீங்கள் சைக்கிளைத் துடைப்பீர்களே அதுபோல இல்லை. முதலில் தண்ணீர் விட்டுத் தூசியை ஓடவிட வேண்டும். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு ஈரத்தை ஒற்றி எடுத்து, மெழுகு பாலிஷைத் தொட்டுத் தொட்டுப் பூசி, அது வெளுத்துக் காய்கிற வரைக்கும் விரல் படாமல் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் தடம் நின்றுவிடும். காய்ந்த பிறகு மெத்தென்ற துணியால் தேய்த்தால் முகம் பார்க்கலாம். துணிதான் முக்கியம். கடையில் கிடைக்கிற துணியெல்லாம் முரடு. எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போய்விட்டது. அதற்குத் தூளி கட்டியிருந்த மல் துணியைச் சொக்கு தகரப்பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். பல தடவை துவைத்த துணி, பஞ்சு மாதிரி இருக்கும். சும்மா கிடந்ததுதானே. அதை எடுத்து நான்காகக் கிழித்துக்கொண்டேன். சொக்கு பார்த்துக்கொண்டே காலிப் பெட்டியை மூடினாள். நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறதே என்று அவளுக்கும் திருப்திதான்.

ஏட்டையா, இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். துணி விஷயத்தை மட்டும் எழுதுங்கள். கார் எப்படி வைத்திருக்கப்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி.

சேவுகன் சொக்குவுக்கு நேர் இளையவன். என்னை வாய் நிறைய அயித்தான் என்று கூப்பிடுவான். ஊருக்கெல்லாம் நல்லவன். நல்லவன் என்றால் அடுத்தவன் சாமானை எடுத்து இன்னொருத்தனுக்கு உதவி செய்கிற நல்லவன். அப்படிப்பட்டவர்கள் கடைசியில் தேர்தலுக்குத்தான் நிற்பார்கள், இவனும் நின்றான். அறுபத்திரண்டு தேர்தலில் எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக நின்றான். ஏணிச் சின்னம் கொடுத்தார்கள். ஏற்கெனவே எல்லாரும் ஏறி மிதித்துக்கொண்டிருந்த ஆளுக்கு ஏணியைக் கொடுத்தது பொருத்தம்தான்.

"அயித்தான், பிளஷர மட்டும் குடுத்தீகன்னா ஊரு ஊராப் போயிட்டு வந்துருவேன். கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்" என்று வந்து நின்றான்.

சொக்கு அதுவரைக்கும் என்னிடம் எதையும் கேட்டவளில்லை. அன்று, "எந்தம்பிக்குக் குடுங்க. நா வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். கொடுத்தேன். எனக்கு இளகிய மனசு. அதுதான் என் பலவீனம் என்று அப்பச்சியே சொல்லியிருக்கிறார்.

தேர்தல் முடிந்து கார் திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பானெட்டில் ஏணி, கதவுகளில் ஏணி, மட்கார்டில் ஏணி, கூரையில் ஏணி. கூரையில் யாருக்கு என்று கேட்டேன். "மாடி வீட்டுலருந்து பாக்குறவுகளுக்கு அயித்தான்" என்றான். நாலு முழச் சுவரொட்டியாக இருந்தால் கஞ்சிப் பசையோடு உரிந்து வந்துவிடும். இவன் சிவகாசியில் ஆர்டர் கொடுத்து ஒட்டுப்படமாக அடித்து வாங்கியிருந்தான். தண்ணீரில் நனைத்துத் தகரத்தில் வைத்து அழுத்தினால், காகிதம் கழன்று வந்துவிடும், படம் மட்டும் நிற்கும். அது போதாதென்று, மழைக்குப் போகாமல் இருக்க மேலே வார்னீஷ் வேறு பூசியிருந்தான். கண்ணு மாதிரி பார்த்துக்கொண்டான் என்றால் இதுதான்.

பின் ஸீட்டில் பெரிய கறை ஒன்று. என்னவென்று கேட்டதற்கு, விராலிமலைப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் பிள்ளைப்பேறு கஷ்டமாகிக் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்தானாம். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அவளைக் காரில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினானாம். "ரெண்டு உசிரும் பொழச்சுருச்சு அயித்தான். நம்ம பிளஷருக்குத்தான் புண்ணியம்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்கு டெபாசிட் போயிருந்தது. அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஸீட் துணியை மாற்றியது யார் என்று எந்தப் புண்ணியக் கணக்கிலும் இல்லை.

ஏணிகளை எடுக்க உட்கார்ந்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், அசையவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்தேன், ஏணி பளபளத்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டி நகக்கண்ணில் சீழ் கட்டிச் சாப்பிட முடியாமல் போயிற்று. சொக்கு சோற்றை உருட்டிக் கையில் கொடுத்தாள். ஒரு வழியாக ஏணிகள் போயின. தண்ணீர் விட்டுக் கழுவி, பாலிஷ் போட்டு, காயவிட்டு, தேய்த்துவிட்டு எட்ட நின்று பார்த்தால், ஏணி ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. படம் போய்விட்டது, வார்னீஷ் பெயின்டைத் தின்று அதன் உருவத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. நான் பாலிஷ் போடப் போட மற்ற இடமெல்லாம் மின்னியது. ஏணிகள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன.

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன், ஐயா. ஒட்டுப்படத்தை ஒட்டின உடனே, ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். விரலால் வழித்தால் வந்துவிடும். காய்ந்துவிட்டால் தெய்வமே வந்தாலும் முடியாது.

ஊர் சும்மா இருக்குமா. தேர்தலில் நின்றவன் சேவுகன், ஏணி அவனுடையது. பெயர் எனக்கு வைத்தார்கள். ஏணிச் செட்டியார். கல்யாண வீட்டில் நான் நுழைந்தால், "ஏணி வந்துருச்சு, பந்திய ஆரம்பிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். விராலிமலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒரு வெளியூர்க்காரர் மரியாதையாகக் கும்பிட்டு, "ஏணியில நின்னு தோத்தது நீங்கதானுங்களா? நல்லவுகளுக்குக் காலமில்லங்க" என்று ஆறுதல் சொன்னார். நான் நிற்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஆறுதல் மட்டும் எனக்கு. சேவுகனிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க அயித்தான், எம்மேல தப்பு" என்றான். மன்னிப்புக் கேட்பது அவனுக்குச் சுலபம். நான் உடனே மன்னித்துவிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு யார் மேலும் வன்மம் கிடையாது.

பிறகு திருச்சியில் ஒரு பட்டறையில் காரை விட்டு, பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடிக்க ஏற்பாடு செய்தேன். பட்டறைக்காரர்களை நம்ப முடியாது என்று பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டேன். அங்கே இருக்கும்போதுதான் மாமியார் காலமான தந்தி வந்தது. கடைசிப் பூச்சு அடித்துக் காய்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு தூசி விழுந்தால் போயிற்று. நான் போகவில்லை. இறந்தவர் காத்திருக்க மாட்டார்தான், பெயின்டும் காத்திருக்காது. துட்டி வீட்டில் யாரோ என்னைப் பற்றி ஏதோ கேட்டதற்கு, "அயித்தான் முக்கியமான வேலையா இருக்காக, அதத் தப்பாப் பேசாதீக" என்று சேவுகன்தான் பதில் சொன்னானாம். அவனிடம் நல்ல குணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கார் புதுக் கறுப்பில் திரும்பி வந்தது. ஏணி என்ற பேச்சும் மெல்ல மெல்ல அடங்கிற்று. இரண்டு வருஷம்போல நிம்மதியாக இருந்தேன். அப்புறம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது.

அன்று காலையில் நான் காருக்கு முழுப் பாலிஷ் போட்டு முடித்திருந்தேன். கண்ணாடிகளை எல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் துடைத்திருந்தேன். உள்ளே போய்ப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் சேவுகன் குரல் கேட்டது. கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், பானெட்டின் நட்டநடுவில் ஒரு குடை. விரித்த குடை, சிவப்பு நிறம். இந்தத் தடவை குடைச் சின்னமாம்.

"நல்ல நேரம் தாண்டிருமேன்னு ஒண்ணே ஒண்ணு ஒட்டிட்டேன் அயித்தான். நீங்க வந்ததும் கேட்டுட்டு மத்தத ஒட்டலாம்னு" என்றான். கக்கத்தில் ஒரு கட்டுக் குடை வைத்திருந்தான்.

ஒட்டிய பிறகு கேட்பது என்பது அவனுடைய மரியாதை. நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "நல்லா இருக்குப்பா" என்று சொன்னேன். சொக்கு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், அவளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இனிமேல் ஊரில் நான் குடைச் செட்டியார் என்பது மட்டும் மனசில் ஓடியது. பரவாயில்லை, வெயிலுக்கு ஆகும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்புவது வழக்கம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேவுகன் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். என்னை ஓட்டச் சொன்னான். "ஒங்க கையால எடுத்தா ஜெயிச்ச மாதிரி அயித்தான்" என்றான். நான் ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திருந்தேன். அவன் சக்கரம் சக்கரமாகப் போய்ப் பழம் வைத்தான். எங்கள் வாசல் தெருப்பக்கம் கொஞ்சம் சரிவு. வலப்பக்கப் பின்சக்கரத்தில் வைத்த பழம் உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது. அவன் குப்புறப் படுத்து, கையை நீட்டி, சக்கரத்துக்கு முன்னால் இடுப்பு வரைக்கும் உள்ளே நுழைந்தான்.

இங்கேதான் நீங்கள் ஒரு வார்த்தையில் தடுக்கி விழுந்தீர்கள். உங்களைச் சொல்லி என்ன, நான் சொன்னதை நம்பினீர்கள். "எடுங்க அயித்தான்" என்று சேவுகன் சொன்னதாகவும், காரைத்தான் எடுக்கச் சொல்கிறான் என்று நான் எடுத்துவிட்டதாகவும் அன்று உங்களிடம் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். விதி என்றார்கள். அவன் சொன்னது அது இல்லை. "எடுக்குறேங்க அயித்தான்" என்று சொன்னான். பழத்தை எடுக்கிறேன், பொறுங்கள் என்று அர்த்தம். நடுவில் மூன்று எழுத்துதான் வித்தியாசம், இஞ்சின் சத்தத்தில் காதில் விழாமல் போயிருக்கும் என்று நீங்களே எனக்காகக் காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். அந்த இஞ்சின் ஓடும்போது அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலம்பாது, ஐயா. சத்தமே கிடையாது. அவன் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கண்ணாடி மங்கல் என்றீர்கள். அதுவும் தப்பு. அன்று காலையில் துடைத்த கண்ணாடி. அவனுடைய இரண்டு கால்களும் வேட்டிக் கரையும் அதில் நன்றாகத் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு கழன்று கிடந்தது வரைக்கும் தெரிந்தது.

ஹேண்ட் பிரேக்கை விட்டேன்.

சொக்கு நிதானமாகப் பெரிய கோலம் போடுகிறவள். அன்று வாசலில் தெருவை ஒட்டி ஒரு கோலம் இருந்தது. சேவுகன் மேல் ஏறி இறங்கிய கார் அந்தக் கோலத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன், நின்றது. ஒரு புள்ளி அழியவில்லை. நீங்கள் வந்தபோது அந்தக் கோலத்தைத் தாண்டித்தான் உள்ளே வந்தீர்கள், நினைத்துப் பாருங்கள். பிரேக் பிடிக்காத கார் அப்படி நிற்குமா? இதை நீங்கள் அன்றே கவனித்திருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. காரையும் இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தில் விட்டிருக்க மாட்டீர்கள்.

ஏட்டையா ஏன் பேனாவை மூடிவிட்டார்? இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நீங்கள் அன்று இன்னொன்றும் கேட்டீர்கள். விபத்து நடந்த வண்டி மாதிரியே இல்லையே, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எப்போது துடைத்தீர்கள் என்று கேட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், நீங்களும் விட்டுவிட்டீர்கள். இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் இறங்கி வந்து பார்த்தபோது சேவுகனுக்கு உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியில்லை, ஆனால் பேச்சு இருந்தது. "அயித்தான், ஆசுபத்திரிக்கு" என்றான். சொக்கு ஓடிவந்து தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கார்ல ஏத்துங்க, சீக்கிரம் ஏத்துங்க" என்று கதறினாள். புதுக்கோட்டை ஆசுபத்திரிக்கு அந்தக் காரில் அரை மணிக்கு மேல் ஆகாது. எங்கள் ஊருக்கு பஸ் மத்தியானம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் பானெட்டில் அந்தக் குடை இருந்தது. ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. வெயில் வேறு சுள்ளென்று அடித்தது. காய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு முன்பே சொன்னேன்.

"இரு சொக்கு, ஈரம் காயிறதுக்குள்ள இத எடுத்துர்றேன்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, அதைத்தான் செய்தேன். மல் துணியை நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாக வழித்தேன். குடை கழன்று கழன்று வந்தது. பெயின்டுக்கு ஒரு சேதமும் இல்லை. அந்த இடத்தை மட்டும் விட்டால் வட்டமாகத் தெரியும் என்று, அதற்கும் கொஞ்சம் பாலிஷ் தொட்டுப் பூசினேன். அது காய்கிற நேரத்தில் பின் மட்கார்டையும் சக்கரத்தையும் கழுவிவிட்டேன். அங்கேயும் காயவிடக் கூடாத ஈரம் இருந்தது. சேவுகன் இரண்டு மூன்று தடவை அயித்தான் என்று கூப்பிட்டான். நான் ஒவ்வொரு தடவையும் "இந்தா வந்துட்டேம்பா" என்று பதில் சொன்னேன். பதில் சொல்லாமல் இருக்கவில்லை. சொக்கு முதலில் கத்தினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் நான் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வழியாகக் கருப்பையா எருவடிக்கிற மாட்டு வண்டியோடு வந்தான். சொக்கு தெருவில் இறங்கி மாட்டை மறித்து நிறுத்தினாள். இரண்டு பேருமாகச் சேவுகனைத் தூக்கி, எருச் சாக்கின் மேல் கிடத்தினார்கள். கருப்பையா என்னைப் பார்த்து, "கார்ல கொண்டு போனா வெரசா போயிரலாமுங்களே" என்றான். "இன்னுங் கொஞ்சம் காயணும்பா, நீ முன்னால போ, நா பின்னாடியே வாரேன்" என்றேன். சொக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். நமணசமுத்திரம் தாண்டுவதற்கு முன்பே போய்விட்டானாம், பாவம்.

அவ்வளவுதான் விஷயம். சேவுகனை நான்தான் கொன்றேன். தெரிந்தே ஏற்றினேன், தெரிந்தே சாகவிட்டேன். உங்களுக்கு எந்த மாதிரி எழுதினால் சௌகரியமோ அந்த மாதிரி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரில் குறையில்லை என்ற வரி மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

நான் இரக்கமில்லாதவன் என்று உங்கள் முகம் சொல்கிறது. நான் வர மாட்டேன் என்று சொல்லவே இல்லையே, ஐயா. பாலிஷ் காய்ந்ததும் நானே காரில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். இன்னும் ஒரு கால் மணி நேரம் பொறுத்திருந்தால் அவன் மெத்தை ஸீட்டில் சாய்ந்துகொண்டு போயிருக்கலாம். இருக்க மாட்டேன் என்று எருவண்டியில் ஏறிப் போனார்கள். சொக்குவும் அப்படியே பிறந்த வீட்டுக்குப் போனவள்தான், இன்றுவரைக்கும் திரும்பி வரவில்லை, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை. பொறுமை என்பது அந்தக் குடும்பத்துக்கே கிடையாது.